கை பார்த்து இறக்கினேன்

என் நோயின் பெயர் மயஸ்தீனியா கிராவிஸ். இதை ஒரு தாளில் எழுதிக்கொண்டுபோய்க் கம்பெனி டிஸ்பென்சரியில் காட்டியபோது, இந்த மாத்திரை ஸ்டாக் இல்லை என்றார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. எனக்கே அந்தப் பெயர் வாயில் நுழைய ஒரு மாதம் ஆனது. அதுவும் காலையில்தான் சொல்ல முடியும். சாயங்காலமானால் நாக்கு படுத்துக்கொள்ளும். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை செய்யும் யாருக்காவது இமை தொங்கி, பேச்சு குழறி, கேட்டில் வாட்ச்மேன் வாயை ஊதச் சொன்னால், அந்த ஆள் குடித்திருக்கிறான் என்று முடிவு கட்டுவதற்கு முன் இப்படியும் ஒரு நோய் உண்டு என்று நாலு பேருக்குத் தெரியட்டும். அதற்காகத்தான் எழுத உட்கார்ந்தேன். எழுத வேண்டியது இன்னொன்றும் இருக்கிறது. அதை விட்டுவிட்டு இதை மட்டும் எழுத வரவில்லை.

நான் ஏகாம்பரம். கவரைப்பேட்டைக்குப் பக்கத்தில் ஊர். அப்பாவும் தம்பியும் நெல் வயலைப் பார்த்துக்கொண்டார்கள். நான் இரும்புக் கம்பி உருட்டும் மில்லில் கிரேன் ஆபரேட்டர். கூரைக்குக் கீழே தண்டவாளத்தில் ஓடும் கிரேன் அது. முப்பது அடி உயரத்தில் ஒரு கேபின், அதற்குள் நான். மில் போடுகிற சத்தத்தில் வாய்ப்பேச்சுக்கு அங்கே வேலையே கிடையாது. கீழே சிக்னல்மேன் நின்று கையால் காட்டுவார். விரல் மேலே சுற்றினால் தூக்கு, கீழே சுற்றினால் இறக்கு, உள்ளங்கையை விரித்து வீசினால் நிறுத்து. அந்த ஒருவர் கையைத் தவிர வேறு எதையும் நான் பார்க்கக் கூடாது. முதலாளியே வந்து கத்தினாலும் காதில் வாங்கக் கூடாது. கை தெரியவில்லை என்றால் அப்படியே நிறுத்திவிட வேண்டும். இதுதான் எங்கள் தொழிலின் சட்டம். ஆகவே ஏதாவது ஏடாகூடமாகிவிட்டால் கேபினில் இருப்பவன் சொல்லித் தப்பித்துக்கொள்ள ஒரு வாக்கியம் உண்டு: "கை பார்த்துத்தான் எறக்கினேன் சார்."

என் சிக்னல்மேன் ஜாபர் பாய். என்னைவிட நாலு வயது மூத்தவர். பழவேற்காட்டில் அவர் அண்ணன்மார் கருவாட்டு வியாபாரம் செய்தார்கள். "கருவாட்டு மண்டியில பொறந்து கருவாட்டு வாடை ஆவாதவன் ஒலகத்துலயே நான் ஒருத்தன்தான்" என்பார். அதனால்தான் மில்லுக்கு வந்தாராம். ஒன்பது வருடம் அவர் கைக்கு நான் கிரேன் ஓட்டினேன்.

ஒரு பொங்கல் லீவு முடிந்து வேலைக்கு வந்த வாரம். ஷிப்ட் முடியும் நேரத்தில் கீழே இரண்டு கொக்கி தெரிந்தது, இரண்டு பாய் தெரிந்தார்கள். இடது கண்ணை மூடினால் ஒன்றாகிவிடும். தூக்கம் போதவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வேறு யாரிடமும் சொல்லவில்லை. கண் சரியில்லை என்று தெரிந்தால் கேபினிலிருந்து இறக்கிவிடுவார்கள். இறங்கினால் வெயிலில் கம்பி கட்டும் வேலைதான். ஒரு மாதம் ஒற்றைக் கண்ணாலேயே சமாளித்தேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

ஒற்றைக் கண்ணில் ஆள் ஒருவராகத் தெரிவார். ஆனால் தூரம் பிடிபடாது. அன்றைக்கு ஒரு கம்பிக் கட்டு கொக்கியில் தொங்கியது. வலது கண்ணும் சொக்க ஆரம்பித்திருந்தது. பாயின் கை எதையோ காட்டியது. நிறுத்து என்றதா, இன்னும் கொஞ்சம் என்றதா, எனக்குத் தெரியவில்லை. தெரியாவிட்டால் நிறுத்த வேண்டும். நான் இறக்கினேன்.

கட்டு உருண்டு அவர் வலது பாதத்தில் ஏறியது. மூன்று விரல் போயிற்று.

விசாரணையில் சேப்டி ஆபீசர் கேட்டார். கை பார்த்துத்தான் இறக்கினேன் என்றேன். ஆஸ்பத்திரியில் கிடந்த பாயிடம் போய்க் கேட்டபோது, "ஏகாம்பரம் அப்படி சொன்னான்னா அப்படித்தான் சார் இருக்கும். என் கைதான் தப்பா காட்டியிருக்கும்" என்றாராம். பேப்பரில் அப்படியே ஏறியது. ஆறிய பிறகு அவரை ஸ்டோர்ஸில் உட்கார வைத்தார்கள். நான் கேபினிலேயே இருந்தேன்.

அதற்குப் பிறகு ஒரு வருடம் நோய் தன் இஷ்டத்துக்கு வந்து போயிற்று. காலையில் ஒன்றும் இருக்காது. சாயங்காலம் இமை பாதிக் கண்ணை மூடும். பரோட்டா தின்ன உட்கார்ந்தால் பாதியில் தாடை அசந்துபோய், கையால் மோவாயைத் தூக்கித் தூக்கி மெல்ல வேண்டியிருக்கும். சிரித்தால் உதடு மேலே போகாமல் உறுமுவதுபோல் ஆகும். "இன்னாயா இது, சிரிக்கிறியா மொறைக்கிறியா?" என்பாள் என் மனைவி காஞ்சனா. கேட்டில் மூன்று முறை வாயை ஊதினேன். கண் டாக்டர் ஒருவர் கண்ணாடி போட்டுவிட்டார். அதில் இரண்டும் தெளிவாகத் தெரிந்தன.

மருந்தில் கேட்காது என்று முடிவு செய்து, ஓர் அமாவாசைக்குக் காஞ்சனா என்னைத் திருவள்ளூருக்குக் கூட்டிப்போனாள். வீரராகவர் குளத்தில் வெல்லம் கரைத்தால் நோய் கரையும் என்று எங்கள் பக்கத்தில் நம்பிக்கை. நல்ல வெயில், நல்ல கூட்டம். வெல்லத்தைத் தண்ணீரில் விட்டுவிட்டு எழுந்தேன், கால் எழவில்லை. படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். கழுத்து நிற்காமல் தலை மார்பில் விழுந்தது. "யாராச்சும் புடிங்களேன்!" என்று அவள் கத்தியது கேட்டது. பதில் சொல்ல வாய் வரவில்லை.

ஆட்டோவில் போட்டு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனார்கள். அங்கே இருந்த டாக்டர் என்னை மேலே மின்விசிறியையே பார்க்கச் சொன்னார். அரை நிமிடத்தில் இரண்டு இமையும் இறங்கிவிட்டன. உடனே ஆயாவை வாசலில் இருந்த ஜூஸ் கடைக்கு அனுப்பி ஐஸ் வாங்கிவரச் செய்தார். அதைக் கையுறைக்குள் போட்டு இடது இமைமேல் இரண்டு நிமிடம் வைத்து எடுத்தார். கண் திறந்துகொண்டது. ஒரு வருடமாக யாரும் கண்டுபிடிக்காததை ஒரு ரூபாய் ஐஸ் கண்டுபிடித்துவிட்டது. குளிர்ச்சியில் இந்த நோய் கொஞ்சம் அடங்கும், சூட்டில் ஏறும் என்பதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டேன். அன்றைக்கே சென்னைக்கு எழுதிக் கொடுத்தார்.

சென்னையில் பெரிய ஆஸ்பத்திரி, நரம்பியல் வார்டு. அங்கே படித்துக்கொண்டே வேலை பார்த்த டாக்டர் ரமாதேவிதான் என்னைப் பார்த்துக்கொண்டார். ஆந்திர எல்லையோரப் பள்ளிப்பட்டுக்காரர், வார்டில் வயதானவர்களை எல்லாம் "நைனா" என்றுதான் கூப்பிடுவார். முதலில் ஒரு ஊசி போட்டார்கள். இருபது நிமிடத்தில் இமை ஏறியது, மூக்கால் பேசிய பேச்சு வாய்க்குத் திரும்பியது. "காஞ்சனா, ஒரு காபி வாங்கியா" என்று என் பழைய குரலில் சொன்னேன். அவள் காபி வாங்கப் போகவில்லை, அங்கேயே முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். ஒரு மணி நேரத்தில் அந்தக் குரல் போய்விட்டது. வந்து போனது, வராமலேயே இருந்ததைவிட மோசமாக இருந்தது.

பாய் அன்று முதலே வர ஆரம்பித்தார். ஸ்டோர்ஸில் முதல் ஷிப்ட் முடித்து, கும்மிடிப்பூண்டியில் ரயில் ஏறி, அந்தக் காலோடு ஸ்டேஷனிலிருந்து நடந்து வருவார். அவர் வீட்டில் அரைத்து வடிகட்டிய கஞ்சி ஒரு டப்பாவில் இருக்கும். அவரே ஸ்பூனால் ஊட்டிவிடுவார். காஞ்சனா அந்த நேரத்தில் குளித்துவிட்டு வருவாள்.

டாக்டர் ரமாதேவி என் கதையை எழுதிக்கொள்ள வந்தபோதும் பாய் கட்டில் ஓரத்தில்தான் இருந்தார்.

"முதல்முதல்ல எப்போ ரெண்டா தெரிஞ்சுது அண்ணே?"

காஞ்சனா என்னைப் பார்த்தாள். அவளுக்குத் தெரியாது. பாய் கஞ்சியை ஆற்றிக்கொண்டிருந்தார்.

"நாலு மாசம் இருக்கும்" என்றேன். அவர் எழுதிக்கொண்டார்.

பிறகு நோயை விளக்கினார். நரம்பு முனையிலிருந்து ஒரு ரசாயனம் வருமாம். தசையின்மேல் அதை வாங்கிக்கொள்ள ஏற்பிகள் இருக்குமாம். வாங்கினால்தான் தசை அசையும். என் உடம்பின் எதிர்ப்பு சக்தி, கிருமியை அடிப்பதற்குப் பதிலாக அந்த ஏற்பிகளைப் போய் அடித்துக்கொண்டிருந்தது. என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டார். பாய்தான் பதில் சொன்னார், கையால் காட்டியும் காண்பித்தார்.

"அப்போ ஒங்களுக்கு சுலபமா சொல்லலாம்" என்றார் டாக்டர். "கீழ நிக்கிறவர் கை சரியாத்தான் காட்டுது. மேல இருக்கிறவர் கண்ணுக்கு அது போய்ச் சேரலை. தப்பு கையில இல்லை."

"பாரேன், நம்ம பொழப்பையே சொல்றாங்க" என்று பாய் சிரித்தார். அவர் நீட்டிய ஸ்பூனைத் தள்ளிவிட்டேன். நோயால் என்று நினைத்து முதுகைத் தடவிவிட்டார்.

நெஞ்சுக் கூட்டுக்குள் தைமஸ் என்று ஒரு சுரப்பி இருக்கிறது. எதிர்ப்பு செல்களில் ஒரு வகை அங்கேதான் தயாராகிறது. ஒவ்வொரு செல்லின் மேலும் ஓர் ஏற்பி உண்டு. தசையில் இருப்பது வேறு, இது வேறு. தனக்குப் பொருந்துவதை மட்டும் அது அடையாளம் பிடிக்கும். சொந்த உடம்பையே எதிரி என்று பிடிக்கும் ஏற்பி உள்ள செல்களை அந்தச் சுரப்பி அங்கேயே ஒழித்துவிட வேண்டும். எனக்கு அது வீங்கிப்போய், ஒழிக்க வேண்டியதில் சிலதை வெளியே விட்டிருந்தது. டாக்டர் ரமாதேவியின் ஆராய்ச்சி அந்த ஏற்பிகளைப் பற்றித்தான். நோயாளிகளின் செல்களில் அவை எப்படி மாறியிருக்கின்றன, ஒரே மாதிரி ஏற்பி உள்ள செல்கள் பெருகிவிட்டனவா, சுரப்பியை எடுத்த பிறகு குறைகின்றனவா என்று பார்க்க ரத்தம் கேட்டார். "இதனால ஒங்களுக்கு இப்போ ஒண்ணும் கிடைக்காது. பின்னாடி வர்றவங்களுக்கு உதவலாம்" என்று ஒளிக்காமல் சொன்னார். கையை நீட்டினேன்.

மாத்திரை ஆரம்பித்துத் தேறிக்கொண்டு வந்தபோதுதான் சளி பிடித்தது. சாதாரணச் சளி. இருமித் துப்ப நெஞ்சில் பலம் இல்லை. ஒரு காலையில் நாஷ்டாவுக்கு இட்லியைக் கரைத்துக் கொடுத்தாள் காஞ்சனா. விழுங்கும்போது மூச்சு நின்றது. அடுத்து எனக்கு நினைவு வந்தபோது தொண்டைக்குள் குழாய். பக்கத்தில் ஒரு மெஷின் எனக்காக மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

பதினொரு நாள் அப்படிக் கிடந்தேன். எல்லாம் கேட்கும், எல்லாம் புரியும். இமையைத் திறக்க முடியாததால் தூங்குகிறேன் என்று நினைத்துக் கட்டிலுக்கு மேலேயே பேசிக்கொள்வார்கள். இரண்டு கட்டில் தள்ளி பொதட்டூர்பேட்டையிலிருந்து ஓர் அம்மா, எனக்கு வந்த அதே நோய், தாமதமாகக் கொண்டுவந்திருந்தார்கள். ஒரு நாள் மத்தியானம் அவருடைய மெஷின் சத்தம் நின்றது. அவர் தேறிவிட்டார் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு அவருடைய மகள் அழுவது கேட்டது.

ஒரு விலை உயர்ந்த ஊசி இருக்கிறது என்று கேள்விப்பட்டு, என் தம்பி கழனியை விற்க ஆள் பார்க்கப் போய்விட்டானாம். டாக்டர்தான், ரத்தத்தைச் சுத்தம் செய்தாலே போதும், இ.எஸ்.ஐ.யில் ஒத்துக்கொள்வார்கள் என்று தடுத்தார். என் ரத்தத்தை ஒரு மெஷினில் ஓடவிட்டு, தசையை அடிக்கும் பொருள் கலந்த நீரை மட்டும் பிரித்து எடுத்தார்கள். நல்லெண்ணெய் நிறத்தில் பை பையாக அது போயிற்று.

இரண்டாவது பைக்குப் பிறகு விரல் அசைந்தது. பார்வையாளர் நேரத்தில் பாய் நின்றிருந்தார். என் ஆள்காட்டி விரல் மேலே சுற்றப் பார்த்தது. மற்றவர்களுக்கு அது வெறும் நடுக்கம்.

"தலைய தூக்கச் சொல்றான் சிஸ்டர்" என்றார் பாய்.

கட்டிலின் தலைமாட்டைத் தூக்கினார்கள். உள்ளங்கையை விரித்தேன். "போதும்ன்றான், நிறுத்துங்க." அதற்குப் பிறகு அந்த அறையில் என் பேச்சு அதுதான். சளி உறிஞ்ச, புரட்டிப் போட, போர்வையை எடுக்க, எல்லாவற்றுக்கும் எங்கள் மில்லின் கை. நர்சுகளுக்கும் பாய்தான் சொல்லிக் கொடுத்தார். "ஒம்போது வருஷம் நான் காட்டினேன், நீ கேட்ட. இப்போ நீ காட்டு, நான் கேக்குறேன்" என்பார். சந்தேகம் வந்தால் ஒரு முறைக்கு இரண்டு முறை கேட்டு, நான் விரலைச் சரியாகக் காட்டிய பிறகுதான் எதையும் செய்வார். நான் சொல்ல வேண்டியதற்கு அந்தக் கையில் வழி இல்லை. அவர் போன பிறகு கண்ணீர் காதுக்குள் ஓடும். துடைத்துக்கொள்ள முடியாது.

குழாயை எடுத்தார்கள். வார்டுக்குத் திரும்பினேன். நெஞ்செலும்பைப் பிளந்து தைமஸை எடுப்பது என்று நாள் குறித்தார்கள். ஆபரேஷனுக்கு முன் மறுபடி ரத்தம் எடுக்க டாக்டர் ரமாதேவி வந்தார். தன் நோட்டைப் புரட்டி, "நோய் வந்து எவ்வளவு நாளாச்சுன்னு தெரிஞ்சாத்தான் இந்த மாற்றத்துக்கு அர்த்தம் புரியும். அதான் உங்க நாலு மாசம் எனக்கு முக்கியம்" என்று சாதாரணமாகச் சொன்னார்.

"நாலு மாசம் இல்ல மேடம்" என்றேன். "இங்க வந்தப்பவே பதிமூணு மாசம்."

அவர் கோபப்படவில்லை. நாலை அடித்துவிட்டுப் பதிமூன்று என்று எழுதினார். ஏன் மறைத்தீர்கள் என்று கேட்டார். சொன்னேன். கேட்டுவிட்டுப் பேனாவை மூடினார். "இதை என்கிட்டச் சொல்லி என்ன அண்ணே பிரயோஜனம்?" என்றார்.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் காலை. எனக்காக இரண்டு பேர் ரத்தம் கொடுக்க வேண்டும். தம்பி ஒருவன், பாய் ஒருவர். லீவு போட்டுவிட்டுப் பாய் சீக்கிரமே வந்து, ரத்தம் கொடுக்கச் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு தயாராக உட்கார்ந்திருந்தார். மாத்திரை போட்டு அரை மணி ஆகியிருந்தது, என் குரல் நன்றாக இருந்தது. இதற்கு மேல் நோயைச் சாக்குச் சொல்ல வழியில்லை.

"பாய், ஒரு விஷயம். அன்னிக்கி ஒங்க கை எனக்குத் தெரியல."

"என்னிக்கி?"

"ஒங்க கால்ல கட்டு ஏறுன அன்னிக்கி. அதுக்கு ஒரு மாசம் முன்னாடியே எனுக்கு ரெண்டு ரெண்டா தெரிஞ்சுது. ஒரு கண்ண மூடிக்கினு ஓட்டினேன். நீங்க இன்னா காட்டினீங்கன்னு இன்னிக்கி வரைக்கும் எனுக்குத் தெரியாது. பார்க்காமதான் எறக்கினேன்."

பாய் எழுந்து ஜன்னல் பக்கம் போனார், திரும்பி வந்து உட்கார்ந்தார். வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நிறுத்துன்னுதான் காட்டினேன்" என்றார். "எனுக்கு அப்படித்தான் ஞாபகம். ஆனா நீ வேற மாதிரி சொன்னியே, அதனால என் ஞாபகம்தான் தப்புன்னு நெனச்சிக்கினேன். ஊட்ல கண்ணாடி முன்னால நின்னு எத்தினி தபா காட்டிக் காட்டிப் பாத்தேன் தெரியுமா? என் பொண்டாட்டி பயந்துபோயி மந்திரிக்கக் கூட்டினு போனா. ஆறு மாசம் முன்ன மேனேஜர் கூப்ட்டு, சிக்னல்ல ஃபோர்மேன் போஸ்ட் கீது, வர்றியான்னார். வேணாம் சார், என் கைய நம்பி இன்னொருத்தன் நிக்கக் கூடாதுன்னு சொல்லிட்டு வந்தேன்."

அது எனக்குத் தெரியாது. "கம்பெனிக்கு எழுதித் தர்றேன் பாய்" என்றேன்.

"எழுதிக் குடு. அந்த எடத்துல வேற ஆள் வந்தாச்சு."

"என்ன மன்னிச்சிருங்க பாய்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபமாக இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

"கண்ணு ரெண்டா காட்டினதுக்கு நீ இன்னா பண்ணுவ? அது நோவு. அதுக்கு மன்னிப்பே கேக்க வேணாம். ஆனா அந்த ஆபீஸ் ரூம்ல 'கை பார்த்துத்தான் எறக்கினேன்'னு சொன்னியே ஏகா, அன்னிக்கி ஒன் வாய்க்கு ஒரு நோவும் இல்லியே."

சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டு வெளியே போனார். நொண்டி நொண்டி அவர் நடக்கிற சத்தம் வராந்தா முடியும்வரை கேட்டது. ரத்தத்துக்கு வேறு யாரையாவது பார்க்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டு படுத்திருந்தேன்.

பதினோரு மணிக்குக் காஞ்சனா வந்தாள்.

"ரெண்டு பாட்டிலும் ஆயிடுச்சு. ஒம் தம்பிக்கு முன்னாடியே பாய் போய்ப் படுத்துக்கினு குடுத்துட்டார்" என்றாள். "குடுத்துட்டு ஜூஸ்கூட வேணாம்னுட்டு ஸ்டேஷனுக்குப் போயிட்டார். மேல வந்து சொல்லிட்டுப் போங்கன்னேன், காதுலயே வாங்கல. இன்னாயா, ரெண்டு பேருக்கும் எதுனா பேஜாரா?"

ஒன்றும் இல்லை என்றேன். மறுநாள் அந்த ரத்தத்தை எனக்கு ஏற்றினார்கள். பாய் அதற்குப் பிறகு வரவில்லை.